குண்டு பல்ப மீட்டர்ல அளந்தா 40 ஓம், கணக்கு போட்டா 529 ஓம். எது சரி?

திண்டுக்கல்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பத்தாவது படிக்கிறா, சயின்ஸ்ல இப்போ மின்னோட்டவியல் பாடம் ஓடுது. வோல்டேஜ் இவ்ளோ கரண்ட் இவ்ளோ ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடினு வெறும் நோட்டுலயே போட்டுட்டு இருந்தா, சரி வீட்ல இருக்குற சாமானையே அளந்து பாப்போமேனு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்தேன். எல்லாத்தையும் பிளக்க கழட்டி வச்சுட்டுதான் ஓம்ஸ் ரேஞ்ச்ல அளந்தோம், கரண்ட்ல இருக்கும்போது எதையும் தொடல.

முதல்ல வாட்டர் ஹீட்டர் ராட். மேல 230 வோல்ட் 1500 வாட்னு போட்டிருக்கு. 1500-ஐ 230-ஆல வகுத்தா 6.52 ஆம்ப், 230-ஐ 6.52-ஆல வகுத்தா 35.3 ஓம். மீட்டர்ல 36 கிட்ட காட்டுச்சு. பொண்ணுக்கு ஒரே சந்தோஷம், புக்குல இருக்குறது கையில அப்படியே வருதேனு.

அடுத்து பரண்ல கிடந்த பழைய 100 வாட் குண்டு பல்பு. கணக்குப்படி 0.435 ஆம்ப், 529 ஓம் வரணும். மீட்டர் 40 ஓம் தான் காட்டுது. திருப்பி திருப்பி வச்சுப் பாத்தாச்சு, 39, 40, அவ்ளோதான். 40 ஓம்னா 230 வோல்ட்ல 5.75 ஆம்ப் போகணும், 1300 வாட்டுக்கு மேல எரியணும், அது எப்படிங்க ஒரு குண்டு பல்பு எரியும். பல்பு நல்ல பல்புதான், ஹோல்டர்ல மாட்டினா எரியுது. 9 வாட் எல்இடி பல்புல வச்சா மீட்டர் ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. ஃபேனுக்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொண்ணும் கேட்டா, எனக்கு பதில் சொல்ல வரல. பவருக்கு புக்குல ரெண்டு ஃபார்முலா இருக்கு, ஐ ஸ்கொயர் ஆர்னு ஒண்ணு, வி ஸ்கொயர் பை ஆர்னு ஒண்ணு. முதல்ல சொன்னதுல ரெசிஸ்டன்ஸ் கூடுனா பவர் கூடுது, ரெண்டாவதுல ரெசிஸ்டன்ஸ் கூடுனா பவர் குறையுது. ரெண்டும் எப்படிப்பா ஒரே நேரத்துல சரியா இருக்கும்னு கேக்குறா. நல்ல கேள்வினு தோணுது, சரியான பதில சொல்லணும்னு நினைக்கிறேன். தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

கரண்ட்_கம்பி எழுதியது:

மீட்டர் பேட்டரி வீக்கா இருக்கும் பாருங்க. இல்லனா ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட வச்சு எவ்ளோ காட்டுதுனு பாத்து அத கழிங்க. கம்மி விலை மீட்டர்ல ஒயர்லயே அர ஓம் வரைக்கும் இருக்கும்.

ஃபிசிக்ஸ்_டீச்சர்_திருச்சி எழுதியது:

மீட்டர்ல தப்பு இல்ல சார். ஒயரோட அர ஓமை கழிக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா அது 529-ஐ 40 ஆக்காது. நீங்க அளந்த 40-ம் சரி, கணக்குல வந்த 529-ம் சரி, ரெண்டும் ஒரே பல்போட ரெண்டு வேற நிலைமை.

பல்பு உள்ள இருக்குறது டங்ஸ்டன் கம்பி. நீங்க மீட்டர் வச்சப்போ அது ரூம் சூட்டுல, 30 டிகிரில இருக்கு. எரியும்போது அதே கம்பி கிட்டத்தட்ட 2500 டிகிரி செல்சியஸ்ல வெள்ளையா தகதகன்னு நிக்குது. உலோகத்துக்கெல்லாம் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸும் ஏறும், டங்ஸ்டனுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.45 சதவீதம். கேக்க சின்னதா இருக்கும், 2500 டிகிரிக்கு சேத்துப் பாத்தா பத்து மடங்கைத் தாண்டிடும். ஓம்மீட்டர் தன்னோட சின்ன பேட்டரில இருந்து கொஞ்சூண்டு கரண்ட்தான் விடுது, அதுல கம்பி சூடாகவே ஆகாது, அதனால அது எப்பவும் ஆறின கம்பியோட ரெசிஸ்டன்ஸ மட்டும்தான் காட்டும்.

இத வச்சே உங்க பொண்ணு அழகா ஒரு கணக்கு போடலாம். 529-ஐ 40-ஆல வகுத்தா 13.2 மடங்கு. 1-ஐ கழிச்சா 12.2, அத 0.0045-ஆல வகுத்தா சுமார் 2700 டிகிரி ஏத்தம்னு வரும். அந்த 0.0045-ங்கற எண் உயரமான சூட்டுல அப்படியே மாறாம இருக்காது, அதனால விடை கொஞ்சம் கூடுதலா வருது, இருந்தாலும் உண்மைக்குப் பக்கத்துல போயிடுச்சு பாருங்க. கண்ணாடிக்கு உள்ள இருக்குற, யாரும் தொட முடியாத ஒரு கம்பியோட சூட்ட ஒரு மீட்டரும் பேப்பரும் வச்சு சொல்லிட்டோம், பிள்ளைங்களுக்கு இதவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

உங்க சந்தேகம் 5.75 ஆம்ப் போகணுமேங்கறது. நிஜமாவே போகும் சார். சுவிட்ச் போட்ட அந்த நொடியில கம்பி ஆறித்தான் இருக்கு, 40 ஓம்தான் இருக்கு, அப்போ அவ்ளோ கரண்ட் பாயும். ஆனா கம்பி மெல்லிசு, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள சூடேறி ரெசிஸ்டன்ஸ் 500-க்கு மேல போயி கரண்ட் 0.43-க்கு இறங்கிடும். பழைய குண்டு பல்பெல்லாம் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதுதான் டப்புனு போகும், ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. கம்பில எங்கயோ ஒரு இடம் தேஞ்சு மெல்லிசாகி இருக்கும், அந்த முதல் பாய்ச்சல்ல அந்த இடம் மத்த இடத்தவிட வேகமா சூடேறி அறுந்துடும்.

ராட் ஏன் சரியா வந்துச்சுன்னா அதுல இருக்குறது நைக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. அதோட ரெசிஸ்டன்ஸ் சூட்டுக்கு ரொம்ப கம்மியாதான் மாறும், பச்சைத் தண்ணில அளந்தாலும் கொதிக்கும்போது அளந்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எல்லாத்துலயும் அந்தக் கம்பியப் போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பாடத்துல ஒரு வரி இருக்கும், பசங்க அத தாண்டிப் போயிடுவாங்க. ஓம் விதி சொல்லும்போது "மாறா வெப்பநிலையில்"னு ஒரு நிபந்தனை வரும். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல இத புத்தகமா போட்டாரு, ஸ்கூல் வாத்தியாரா இருந்துக்கிட்டே பண்ணின சோதனை. அந்தக் காலத்து பேட்டரி அளந்துட்டு இருக்கும்போதே இறங்கிடும், அதனால அவர் பிஸ்மத்தும் செம்பும் சேத்த ஒரு தெர்மோகப்பிள் (ரெண்டு முனைக்கும் சூட்டுல வித்தியாசம் இருந்தா வோல்டேஜ் தர்ற ரெட்டை உலோக அமைப்பு) எடுத்து ஒரு முனைய கொதிக்கிற தண்ணிலயும் இன்னொரு முனைய ஐஸ்லயும் வச்சு, மாறாத வோல்டேஜ் கிடைக்கிற மாதிரி பண்ணிக்கிட்டாரு. மத்த எதுவும் மாறாம பாத்துக்கிட்டதாலதான் அவருக்கு அந்த நேர்கோடு கிடைச்சுது.

வோல்டேஜ கரண்ட்டால வகுத்தா கிடைக்கிறது அந்த நேரத்து ரெசிஸ்டன்ஸ், அது எப்பவும் செல்லும். அதே எண் வேற வோல்டேஜ்லயும் இருக்கும்ங்கறதுதான் ஓம் விதி, அது எல்லாப் பொருளுக்கும் செல்லாது. இந்த ரெண்டையும் பொண்ணுக்கு தனித்தனியா சொல்லிக் குடுங்க. ஃபார்முலால போடுற வோல்டேஜும் கரண்ட்டும் ஒரே நேரத்துல, ஓடிட்டு இருக்கும்போது எடுத்ததா இருக்கணும். எரியுற பல்போட வோல்டேஜையும் ஆறின பல்போட ஓமையும் சேத்துப் போட்டா வர்ற 1300 வாட் அந்த முதல் நொடிக்கு மட்டும்தான்.

ஐ ஸ்கொயர் ஆர் கேள்விக்கு யாராவது சொல்லுவாங்கனு பாக்குறேன், இல்லனா நைட்டு வந்து எழுதுறேன்.

தேனி_வயர்மேன் எழுதியது:

டீச்சர் சொன்னது பூராம் சரி. அண்ணே நீங்க ஓடும்போது கரண்ட் அளக்கப் போறீங்கன்னா ஒண்ண மட்டும் முதல்ல கேட்டுக்கங்க. மல்டிமீட்டர்ல 10 ஆம்ப்னு ஒரு ஓட்டை இருக்கும், அதுல சிவப்பு ஒயர மாட்டிட்டு பிளக் சாக்கெட்டுல ரெண்டு முள்ளையும் சொருகி கரண்ட் எவ்ளோ வருதுனு பாக்குறவங்க இருக்காங்க. அந்த ஓட்டைக்குள்ள ரெசிஸ்டன்ஸ் இல்லவே இல்லங்கற மாதிரி, லைன நேரா ஷார்ட் பண்றதுக்கு சமம், மீட்டர் கையிலயே வெடிக்கும். சாக்கெட்டுல அளக்குறது வோல்டேஜ் மட்டும்தான், ஏசி 750 ரேஞ்சுல வச்சு, ஒயர் அந்த காமன் ஓட்டையிலயும் வோல்ட் ஓட்டையிலயும் இருக்கானு ரெண்டு தடவ பாத்துட்டுதான் சொருகணும்.

கரண்ட்டுக்கு கிளாம்ப் மீட்டர் கடனா யாருகிட்டயாவது வாங்கிக்கங்க, ஏரியால இருக்குற எலக்ட்ரீசியன்கிட்ட கேட்டா குடுப்பாங்க. அதுல ஒயர வெட்ட வேணாம், தாடைய திறந்து ஒயர உள்ள விட்டா போதும். ஆனா ரெண்டு கோர் சேந்த கேபிள அப்படியே உள்ள விட்டா ஜீரோதான் காட்டும், போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிரும். ஒத்த ஒயரா பிரிச்சு, பேஸ் ஒயர மட்டும் விடணும், பிரிக்கிறத பிளக்க கழட்டிட்டு செய்யுங்க. பல்பு மாதிரி சின்ன கரண்ட்டுக்கு அதே ஒத்த ஒயர தாடைல பத்து சுத்து சுத்திட்டு, வர்ற ரீடிங்க பத்தால வகுத்துக்கங்க, துல்லியமா கிடைக்கும்.

குண்டு பல்பு ஆறும்போது ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருக்குறத நாங்க தினம் வேலைல பாக்குறோம். சீரிஸ் போர்டுனு ஒண்ணு வச்சிருப்போம், ரிப்பேருக்கு வர்ற மோட்டாரையோ மிக்ஸியையோ நேரா லைன்ல குடுக்காம நடுவுல ஒரு 100 வாட் பல்ப போட்டு குடுப்போம். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சமா எரியும், கரண்ட் 0.43-க்கு மேல போகாது, சாமான் தப்பிச்சுக்கும். ஷார்ட் இல்லனா மங்கலா எரியும், கம்பி அவ்ளோ சூடாகாததால ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருந்து சாமானுக்கு கரண்ட்ட விடும். இதுக்காகவே குண்டு பல்பு எங்க கிடைச்சாலும் எடுத்து வச்சுக்குவேன், எல்இடி இந்த வேலைக்கு ஆகாது.

லோ வோல்டேஜ் பத்தியும் பாப்பாவுக்கு சொல்லுங்க. எங்க பக்கம் கோடைல சாயங்காலம் 180-க்கு இறங்குன காலமெல்லாம் உண்டு. 35.3 ஓம் ராட் 180 வோல்ட்ல 5.1 ஆம்ப்தான் எடுக்கும், பெருக்குனா 918 வாட். வோல்டேஜ் குறைஞ்சது அஞ்சுல ஒரு பங்கு சொச்சம், பவர் குறைஞ்சது ஏறக்குறைய நாப்பது சதவீதம். வோல்டேஜும் இறங்குது அதனால கரண்ட்டும் இறங்குது, ரெண்டும் பெருக்கும்போது ரெண்டு அடி விழுகுது. பதினஞ்சு நிமிசத்துல கொதிக்கிற தண்ணி இருபத்தஞ்சு நிமிசம் ஆகும். பில்லு என்னமோ கிட்டத்தட்ட அதேதான் வரும், கம்மி வாட்ல நேரம் கூட ஓடுது அவ்ளோதான். 1500 வாட் ராட் தினம் 20 நிமிசம் போட்டா அர யூனிட், நம்ம ரெண்டு மாச பில்லுக்கு 30 யூனிட் இதுக்கு மட்டும் போகும்.

மோட்டார்_ரீவைண்டிங்_கோவை எழுதியது:

ஃபேன் கணக்கு ஏன் வரலைன்னு கேட்டீங்கல்லங்க, அது நம்ம தொழில், அதுக்கு நான் சொல்றேன்.

ஒரு 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார், பம்பும் மோட்டாரும் ஒண்ணா வர்றது, எடுத்துக்குங்க. ரன்னிங் காயில்ல மீட்டர் வச்சா சில ஓம்தான் காட்டும், 4 ஓம்னு வச்சுக்குவோம். 230-ஐ 4-ஆல வகுத்தா 57 ஆம்ப். ஓடும்போது கிளாம்ப் போட்டா 6 ஆம்ப் கிட்டதானுங்க இருக்கும். மீதி ரெசிஸ்டன்ஸ் எங்கிருந்து வந்துச்சு? ரெசிஸ்டன்ஸ் வரலைங்க, மோட்டார் சுத்தும்போது காயிலுக்குள்ளயே எதிர் வோல்டேஜ் ஒண்ணு உருவாகுது, பேக் இஎம்எஃப்னு சொல்லுவோம். வர்ற 230-ஓட பெரும்பகுதிய அது எதுத்து நிக்குது, மிச்சம்தான் கரண்ட்ட தள்ளுது. ஏசி லைன்ல காயிலோட காந்தத் தன்மையும் கரண்ட்ட மட்டுப்படுத்தும். அதனால மோட்டாருக்கு வோல்டேஜ கரண்ட்டால வகுத்து வர்ற எண்ண ரெசிஸ்டன்ஸ்னு எடுத்துக்கக் கூடாதுங்க, காயில் அளவுல அதுல சின்ன பங்குதான்.

சுத்துறது நின்னுச்சுன்னா எதிர் வோல்டேஜும் போச்சு. அப்போ கரண்ட் அஞ்சு ஆறு மடங்கு எகிறும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஊட்டு லைட்டு ஒரு நொடி மங்குறது இதனாலதானுங்க. மிக்ஸில கெட்டியா எதையாவது போட்டு பிளேடு மாட்டிக்கிச்சுன்னா அடியில இருக்குற சிவப்பு பட்டன் டக்குனு வெளிய வருதே, அதுவும் இதேதான். பட்டன் இல்லாத பழைய மிக்ஸின்னா காயில் கருகி நம்ம கடைக்கு வந்துரும்.

தேனிக்காரர் லோ வோல்டேஜ்ல ராட் கரண்ட் இறங்கும்னாரு, மோட்டாருக்கு நேர் எதிருங்க. பம்பு மேல இழுக்க வேண்டிய தண்ணி அதேதான், வேலை குறையல. வோல்டேஜ் இறங்குனா அந்த வேலைய முடிக்க மோட்டார் கரண்ட்ட கூட இழுக்கும். காயில்ல உண்டாகுற சூடு ஐ ஸ்கொயர் ஆர், கரண்ட் 6-ல இருந்து 8 ஆச்சுன்னா சூடு 36-ல இருந்து 64 ஆன கணக்கு, ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கோடைல காடு தோட்டத்துல லோ வோல்டேஜ்ல ராத்திரி பூரா ஓட்டி காயில் போயி வர்ற மோட்டாருங்க எண்ணிக்கைய பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், ஒரு லோ வோல்டேஜ் கட்டாஃப் வச்சிருந்தா தப்பிச்சிருக்கும்.

அப்புறம் பவர். 230-ஐ 6-ஆல பெருக்குனா 1380 வருதுங்கல்ல, அது வாட் இல்லைங்க, விஏ, அதாவது வோல்ட்-ஆம்ப். ஏசில கரண்ட்டும் வோல்டேஜும் ஒரே நேரத்துல ஏறி இறங்காம கொஞ்சம் முன்ன பின்ன போச்சுன்னா பவர் ஃபேக்டர்னு ஒண்ணால பெருக்கணும். 0.85-னு வச்சா 1173 வாட். அதுலயும் 1 ஹெச்பி, அதாவது 746 வாட்தான் ஷாஃப்ட்ல வேலையா வெளிய வருது, மீதி சூடாவும் சத்தமாவும் உராய்வாவும் போகுது. ராடு, குண்டு பல்பு, அயர்ன் பாக்ஸ் இதுக்கெல்லாம் பவர் ஃபேக்டர் 1, அதனாலதான் உங்க பொண்ணு கணக்கு அதுல நேரா வந்துச்சு. எல்இடி பல்புல முதல்ல டயோடு பிரிட்ஜ், அதாவது ஏசிய டிசியா மாத்துற பகுதி இருக்கு, மீட்டரோட சின்ன பேட்டரி அத திறக்காது, அதான் ஒண்ணும் காட்டல. அது எரியும்போது 0.08 ஆம்ப் எடுத்துச்சுன்னா 230-ஆல பெருக்கி 18 வாட்னு பயந்துறாதீங்க, சின்ன பல்புல பவர் ஃபேக்டர் 0.5 கிட்ட கூட இருக்கும், எரியுறது 9 வாட்தான், ஊட்டு மீட்டர் கணக்கு பண்றதும் அந்த 9-ஐத்தான்.

டீச்சருங்க பல்பு சூட்ட ரெசிஸ்டன்ஸ் வச்சு கண்டுபிடிச்ச மாதிரி நாங்களும் மோட்டாருக்கு பண்ணுவோம். காயிலுக்குள்ள தெர்மாமீட்டர் விட முடியாதுங்கல்ல. ஓட்டுறதுக்கு முன்னாடி 30 டிகிரில 4.0 ஓம், நல்லா லோடுல ஓட்டி நிறுத்தின உடனே 4.9 ஓம்னா, 234.5 கூட 30 கூட்டி 4.9-ஆல பெருக்கி 4-ஆல வகுத்து மறுபடி 234.5 கழிச்சா 89 டிகிரி சொச்சம் வரும். 234.5 செம்புக்கு உண்டான எண்ணுங்க. ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் கிட்ட ஏறும் செம்பு. காயில் இன்சுலேஷன் எந்த கிளாஸ், அதாவது எவ்ளோ சூடு தாங்குற வகைனு பாத்து இது தாங்குமா தாங்காதானு சொல்லிரலாம்.

திண்டுக்கல்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரம்மா சொன்ன சூட்டுக் கணக்க பொண்ணு தானே போட்டுப் பாத்தா.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் கிளாம்ப் மீட்டரோட வந்து கூட இருந்தாரு. ராட் பின்னாடி பாத்ரூம்ல போடுவோம், ஹால்ல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுத்திருக்கோம், சுமார் 20 மீட்டர். ராட் ஓடும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட இன்னொரு சாக்கெட்டுல 215 வோல்ட், கரண்ட் 6.1. வகுத்தா 35.2 ஓம், பெருக்குனா 1311 வாட். ராட ஆஃப் பண்ணிட்டு அதே இடத்துல பாத்தா 228 வோல்ட். குண்டு பல்ப அதே 215-ல பாக்கணும்னு ராட் ஓடும்போதே அந்த பாக்ஸ்ல மாட்டி, பத்து சுத்து சுத்தி பாத்தோம், 4.2 காட்டுச்சு, அதாவது 0.42. 512 ஓம், 90 வாட். 529 வரலையேனு யோசிச்சு, வோல்டேஜ் கம்மி அதனால சூடும் கம்மி அதனால ரெசிஸ்டன்ஸும் கம்மினு பொண்ணே சொன்னா.

ஒண்ணு மட்டும் உறுத்துது, ராட் போட்டா 13 வோல்ட் எங்க போகுது? அந்த ரெண்டு ஃபார்முலா கேள்வியும் இன்னும் பாக்கி.

ஃபிசிக்ஸ்_டீச்சர்_திருச்சி எழுதியது:

512-ஐ பாத்து காரணம் சொன்னாளா, அருமை. அவ கேட்ட ரெண்டாவது கேள்விக்கு பதில் நீங்க சொன்ன 13 வோல்ட்லயே இருக்கு.

ரெண்டு ஃபார்முலாவும் வோல்டேஜும் கரண்ட்டும் பெருக்குனதுல இருந்து வந்ததுதான், எந்தப் பொருளுக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். உங்க ராடுக்கே போட்டுப் பாருங்க, 6.1-ஐ ரெண்டு தடவ பெருக்கி 35.2-ஆல பெருக்கினாலும் 1310 தான், 215-ஐ ரெண்டு தடவ பெருக்கி 35.2-ஆல வகுத்தாலும் 1313 தான், அந்த சின்ன வித்தியாசம் ரவுண்ட் பண்ணினதுல வந்தது. ரெசிஸ்டன்ஸ் கூடினா பவர் கூடுமா குறையுமாங்கற கேள்விக்கு மட்டும், அப்போ எது மாறாம நிக்குதுனு பாக்கணும். வீட்ல எல்லா சாமானையும் பேரலல்லா மாட்டுறோம், எல்லாத்துக்கும் அதே வோல்டேஜ். வோல்டேஜ் மாறல, அதனால ரெசிஸ்டன்ஸ் கூடினா கரண்ட் குறையும், பவர் குறையும். 40 வாட் பல்போட ரெசிஸ்டன்ஸ் 1322 ஓம், 100 வாட்டோடது 529, வாட் கம்மியானதுக்குத்தான் ஓம் அதிகம்.

அதே ரெண்டு பல்பையும் சீரிஸ்ல மாட்டினா கதை மாறிடும். ரெண்டுலயும் ஒரே கரண்ட்தான் போக முடியும், இப்போ மாறாம நிக்கிறது கரண்ட், அதனால ஓம் அதிகமா இருக்குற 40 வாட் பல்புதான் நல்லா எரியும். 100 வாட் பல்பு லேசா சிவந்து நிக்கும், அது சூடேறாததால அதோட ரெசிஸ்டன்ஸ் இன்னும் கம்மியாகி கிட்டத்தட்ட எல்லா வோல்டேஜையும் 40 வாட் பல்புக்கே விட்டுடும். அந்த எலக்ட்ரீசியன் மறுபடி வந்தா போட்டுக் காட்டச் சொல்லுங்க.

உங்க எக்ஸ்டென்ஷன் ஒயரும் ராடும் சீரிஸ்ல இருக்கு. எவ்ளோ கரண்ட்ங்கறத முடிவு பண்றது 35 ஓம் ராட், ஒயர்ல ஒரு ஓம் கூடினாலும் குறைஞ்சாலும் கரண்ட் பெருசா மாறாது. அதனால ஒயர பொறுத்தவரைக்கும் கரண்ட் மாறாத ஒண்ணு, ஐ ஸ்கொயர் ஆர், ரெசிஸ்டன்ஸ் கூடக் கூட அங்க சூடு கூடும். ஒயர்ல ஏன் கம்மி ரெசிஸ்டன்ஸ் வேணும், ஹீட்டர்ல ஏன் கம்மி ரெசிஸ்டன்ஸ்தான் கூட சூடு தருது, ரெண்டும் முரண் இல்ல.

தேனி_வயர்மேன் எழுதியது:

அண்ணே 13 வோல்ட் விவகாரத்த விட்டுறாதீங்க. 13-ஐ 6.1-ஆல வகுத்தா 2.1 ஓம், போஸ்ட்ல இருந்து உங்க ராட் வரைக்கும் வழியில அவ்ளோ ரெசிஸ்டன்ஸ் இருக்கு. கடைல விக்கிற எக்ஸ்டென்ஷன் பாதி 0.75 ஸ்கொயர் எம்எம் தான், அது கிலோமீட்டருக்கு 26 ஓம். போக வர 40 மீட்டர், 1.04 ஓம், 6.3 வோல்ட் அதுலயே போச்சு, 38 வாட் ஒயர்ல சூடாவுது. நீளமா விரிச்சுப் போட்டா பரவாயில்ல, சுருட்டி வச்சு ஓட்டுனீங்கன்னா உள் சுத்து உருகும்.

மீதி 6.7 வோல்ட் எங்கனு பாக்க, ராட் ஓடும்போது ஹால்ல எக்ஸ்டென்ஷன் சொருகியிருக்க பாயிண்டுக்குப் பக்கத்து பாயிண்ட்ல வோல்டேஜ் பாத்து சொல்லுங்க. எக்ஸ்டென்ஷன் பிளக்கு 6 ஆம்பா 16 ஆம்பா?

திண்டுக்கல்_அப்பா எழுதியது:

அதே போர்டுல பக்கத்து பாயிண்ட்ல 224. பிளக்கு சின்ன பிளக்குதான், 6 ஆம்ப். ராடோட பெரிய பிளக்குக்கு கன்வெர்ட்டர் போட்டிருக்கோம். ஒயர்ல 0.75-னுதான் அச்சு அடிச்சிருக்கு.

தேனி_வயர்மேன் எழுதியது:

அப்போ போர்டு வரைக்கும் 4 வோல்ட்தான் இறங்குது, அது சாதாரணம். போர்டுல இருந்து ராட் வரைக்கும் 9 வோல்ட். ஒயர்ல 6.3 போக மிச்சம் 2.7 வோல்ட் அந்த பிளக்கு முள்ளுலயும் சாக்கெட் கிளிப்புலயும் உக்காந்திருக்கு. 2.7-ஐ 6.1-ஆல பெருக்குங்க, 16 வாட் சொச்சம். கேக்க கம்மிதான், ஆனா ஒயர்ல 38 வாட் 20 மீட்டருக்குப் பரவுது, இது ஒரு விரல் நுனி அளவு இடத்துல உண்டாகுது. சூடாக சூடாக கிளிப்பு தளரும், தளரத் தளர ரெசிஸ்டன்ஸ் ஏறும், இன்னும் சூடாகும். பிளாஸ்டிக் பழுப்பாயிருக்கும் பாருங்க. அதோட 230 முழுசா வர்ற நாள்ல உங்க ராட் 6.5 ஆம்ப் எடுக்கும், 6 ஆம்ப் பாயிண்டுக்கு அதுவே ஆகாது.

இன்னைக்கே அந்த கன்வெர்ட்டர கழட்டிருங்க. பாத்ரூம் பக்கத்துல, தண்ணி தெறிக்காத இடமா பாத்து, 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர்ல எர்த்தோட தனி 16 ஆம்ப் பாயிண்ட் போடச் சொல்லுங்க. அது கிலோமீட்டருக்கு 7.4 ஓம், அதே 40 மீட்டருக்கு 0.3 ஓம் கூட வராது, 2 வோல்டுக்குள்ள முடிஞ்சுரும். ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன தானா துண்டிக்கிற சுவிட்ச்) 30 மில்லி ஆம்ப் இல்லனா அதையும் சேத்துப் போட்டுக்கங்க, ராட் போடுற வீட்ல அது கட்டாயம் இருக்கணும். போட்டு முடிச்சதும் பாப்பாவ மறுபடி வோல்டேஜும் கரண்ட்டும் எடுக்கச் சொல்லி ரீடிங்க இங்க போடுங்க, எவ்ளோ வாட் திரும்ப ராடுக்கு வந்துச்சுனு பாப்போம்.